உள்ளுணர்வை எந்த விஷயத்தில் நம்பலாம், எப்படிச் சோதிக்கலாம்

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கேட்டவர் மொரீஷியஸில் கத்ர் போர்னில் வசிப்பவர், வயது 34, ஈபெனில் கணக்குத் துறையில் வேலை. கனடாவில் மான்ட்ரியாலில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அதே சமயம் கூட்லண்ட்ஸ் பக்கம் 10 பெர்ச் நிலம் விலைக்கு வந்திருக்கிறது. கையிலிருக்கும் சேமிப்பு இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும். கணவர் எக்செல்லில் கணக்குப் போட்டுக் கனடா என்கிறார். அம்மா "மனசு என்ன சொல்லுதோ அதைச் செய்" என்கிறார். மனசோ காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று சொல்கிறது. "நான் உள்ளுணர்வை வளர்த்துக்கொள்வதா, அறிவுபூர்வமாக யோசிக்கப் பழகுவதா?" என்பது அவர் கேள்வி.

பதில் சொல்வதற்கு முன்னால் வேறொரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் உங்கள் மனசு எங்கே பாடம் படித்தது?

உள்ளுணர்வு வானத்திலிருந்து விழுவதில்லை. முன்பு பார்த்த நூறு சம்பவங்கள் மனசுக்குள் தங்கி, இன்று எதிரே இருப்பது அவற்றில் எதைப்போல இருக்கிறது என்று ஒரு நொடியில் அடையாளம் காட்டுகின்றன. கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்தார். எரிகிற கட்டடத்தின் முன் நின்று அவர்கள் நாலைந்து வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை என்று கண்டார். முதலில் தோன்றும் வழியை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள். எங்காவது இடித்தால் திருத்துகிறார்கள், திருத்த முடியாவிட்டால் அடுத்த வழி. அவ்வளவுதான். டேனியல் கானமன் நேர் எதிர்ப் பக்கத்தில் இருந்தவர். நிபுணர்களின் மனத்தீர்ப்பு எப்படியெல்லாம் சறுக்குகிறது என்பதை ஆராய்ந்தே வாழ்நாளைக் கழித்தவர், 2002-இல் பொருளாதார நோபல் பெற்றவர். இருவரும் பல வருஷம் விவாதித்து 2009-இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள். ஒன்று, அந்தத் துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும்: இந்த அறிகுறி தெரிந்தால் இந்த விளைவு வரும் என்ற தொடர்பு ஓரளவு நிலையாக இருக்க வேண்டும். இரண்டு, அந்தத் தொடர்பைப் பழகிக்கொள்ளப் போதிய வாய்ப்பும், செய்தது சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரியும் வசதியும் இருக்க வேண்டும். ஒருவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பது கணக்கில் வராது. தப்பான உள்ளுணர்வும் உள்ளே அதே உறுதியோடுதான் தோன்றும்.

இந்த இரண்டு நிபந்தனைகளையும் நம் ஊரில் வைத்துப் பாருங்கள். கல்யாணத்தில் 300 பேருக்கு வாழை இலையில் ஏழு கறி போடுகிற சமையல்கார அம்மா உப்பைக் கையால்தான் அள்ளுவார், அளந்து பார்ப்பதில்லை. உப்பு எப்போதும் உப்புதான், ருசி பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், அதை ஆயிரம் தடவை செய்திருக்கிறார். அவர் கையை நம்பலாம். மாஹேபூர் மீனவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து இன்றைக்குப் பவளத்திட்டைத் தாண்டிப் போக வேண்டாம் என்றால் அதையும் நம்பலாம். உங்கள் விஷயத்தில், ஒரு பேரேட்டைப் புரட்டும்போது எண்களெல்லாம் கூட்டினால் சரியாக வந்தும் "இதில் என்னவோ இருக்கிறது" என்று தோன்றுகிறதே, அந்த உறுத்தலுக்கு மதிப்பு உண்டு. பத்து வருஷ மாதமுடிப்புக் கணக்குகள் கொடுத்த பாடம் அது.

போர்ட் லூயிஸின் ஷாம் தெ மார்ஸ் திடல் குதிரைப் பந்தயம் வேறு மாதிரி. 1812 முதல் அங்கே பந்தயம் நடக்கிறது. "இன்றைக்கு இந்தக் குதிரைதான்னு மனசுல பட்டுது" என்று சொல்பவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அங்கே விளைவு உடனே தெரிகிறது, உண்மைதான். ஆனால் தற்செயல் அதிகம். அதைவிட மோசம், ஜெயித்த நாள் பத்து வருஷம் ஞாபகம் இருக்கிறது, தோற்ற நாள் அடுத்த வாரமே மறந்துபோகிறது. இப்படிப்பட்ட இடத்தில் இருபது வருஷம் கழித்தாலும் மனசு படிப்பதில்லை. நம்பிக்கை மட்டும் வளரும்.

மூன்றாவது வகைதான் மிகவும் ஆபத்தானது. இங்கே மனசு எதிர்ப்பாடம் படிக்கிறது. புயலின் கண் தீவைக் கடக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த காற்று திடீரென்று நின்றுவிடுகிறது. மழை விடுகிறது, சில சமயம் வானம்கூடத் தெளிகிறது. உடம்பில் ஒவ்வொரு நரம்பும் "முடிஞ்சுது, வெளியே போய்ப் பார்க்கலாம்" என்கிறது. வாழ்நாள் முழுவதும் அனுபவித்த மழைகள் கற்றுக்கொடுத்த பாடம் அதுதானே, காற்று நின்றால் மழை போயாச்சு. ஆனால் கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்ப வரும். முதல் பாதியில் தளர்ந்து நிற்கிற சுவரும் மரமும் இரண்டாம் பாதியில்தான் விழும். 1960 பிப்ரவரிக் கடைசியில் கரோல் புயலின் கண் இந்தத் தீவைக் கடந்தது. அன்று மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசியதை அனுபவித்த தலைமுறை, ரேடியோ சொல்லும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தது. வாக்வா வானிலை நிலையத்திலிருந்து வரும் புயல் எச்சரிக்கை வகுப்புகளின் பின்னால் இருக்கும் யோசனையும் இதுதான். மணிக்கு 120 கிலோமீட்டர்க் காற்று வருவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதை அமைதியான நாளில் உட்கார்ந்து தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்து மனசிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இப்போது உங்கள் இரண்டு விஷயங்களுக்கு வருவோம். இதுவரை எத்தனை தடவை நாடு மாறியிருக்கிறீர்கள்? ஒரு தடவைகூட இல்லை. எத்தனை நிலம் வாங்கியிருக்கிறீர்கள்? அதுவும் இல்லை. ஆகவே மான்ட்ரியால் வாழ்க்கை எப்படி இருக்கும், அந்த நிலம் நல்ல நிலமா என்ற இரண்டிலும் உங்கள் மனசுக்குச் சொல்ல எதுவும் இல்லை. அது பேசுவது சொந்தக்காரர் அனுப்பிய படங்களிலிருந்தும், வெயில் நாளில் ஒரு தடவை நிலத்தைப் பார்த்துவிட்டு வந்த சந்தோஷத்திலிருந்தும்தான். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாறுவதற்கும் இதுவே காரணம். அடியில் அனுபவம் இல்லாத தீர்ப்பு அன்றைய தூக்கத்துக்கும் பசிக்கும் ஏற்றபடி ஆடும்.

அப்படியானால் மனசை ஒதுக்கிவிட்டு எக்செல்லைப் பின்பற்றுவதா? அதுவும் கூடாது. இந்த இடத்தைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்.

நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ தமாசியோவிடம் ஒரு நோயாளி வந்தார். மூளையின் முன்பகுதியில் கட்டி எடுத்தவர். அறிவுத்திறன் சோதனை, ஞாபகம், பேச்சு எல்லாம் நன்றாகவே இருந்தன. உணர்ச்சி மட்டும் மங்கிப்போயிருந்தது. விளைவு, அவரால் சின்ன முடிவுகூட எடுக்க முடியவில்லை. காகிதங்களை எந்த முறையில் அடுக்குவது என்று யோசித்தே ஒரு பிற்பகல் போய்விடும். வேலை போயிற்று, சேமிப்பு போயிற்று, குடும்பம் போயிற்று. காரணங்களை அவரால் எண்ண முடிந்தது. எந்தக் காரணம் தனக்கு முக்கியம் என்பது மட்டும் தெரியவில்லை. இன்னொன்று: 1993-இல் உளவியலாளர் திமோதி வில்சனும் மற்றவர்களும் மாணவர்களிடம் சில சுவர்ப்படங்களைக் காட்டி, பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். ஒரு சாராரிடம் மட்டும், எது ஏன் பிடிக்கிறது என்று காரணம் எழுதிவிட்டு எடுக்கச் சொன்னார்கள். சில வாரம் கழித்துக் கேட்டபோது, காரணம் எழுதியவர்களுக்குத்தான் தேர்ந்தெடுத்த படம் குறைவாகப் பிடித்திருந்தது. வார்த்தையில் சுலபமாகச் சொல்ல முடிந்த காரணங்கள் மேலே வந்து, சொல்லத் தெரியாத பிடித்தத்தை அமுக்கிவிட்டன.

ஆக, வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். உலகம் எப்படி இருக்கிறது என்ற கேள்வியை விவரத்திடமும் கணக்கிடமும் கேளுங்கள். நீண்ட பழக்கம் உள்ள துறையில் மட்டும் மனசையும் சாட்சியாக அழைக்கலாம். உங்களுக்கு எது முக்கியம், எதோடு வாழ முடியும் என்ற கேள்வியை மனசிடம் கேளுங்கள், ஆனால் விவரம் எல்லாம் அதன் முன் வைக்கப்பட்ட பிறகு. எக்செல்லால் மான்ட்ரியால் வாடகையைச் சொல்ல முடியும். அம்மாவின் கடைசிப் பத்து வருஷம் உங்களுக்கு என்ன விலை என்பது எந்தக் கட்டத்திலும் வராது.

வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. 1950களில் கானமன் இளைஞராக இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தபோது, புதிதாகச் சேர்பவர்களை நேர்காணல் செய்யும் முறையைச் சீர்திருத்தும் வேலை அவரிடம் வந்தது. அதுவரை அதிகாரி பேசிப் பார்த்துவிட்டு மொத்தமாக ஓர் அபிப்பிராயம் சொல்வார். அது எதற்கும் உதவவில்லை. கானமன் ஆறு குணங்களைப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் அந்த இளைஞரின் கடந்தகால வாழ்க்கையைப் பற்றி உண்மை விவரக் கேள்விகள் மட்டும் கேட்டு, 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் அடுத்த குணத்துக்குப் போக வேண்டும் என்றார். எல்லாம் முடிந்த பிறகு, கண்ணை மூடி, இவர் எப்படிப்பட்ட சிப்பாய் ஆவார் என்று நினைத்து ஒரு மதிப்பெண் போடச் சொன்னார். ஆறு மதிப்பெண்களின் கூட்டல் பழைய முறையைவிட நன்றாகவே பலித்தது. எதிர்பாராத விஷயம், கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் அதே அளவுக்குப் பலித்தது. முன்னால் எதற்கும் உதவாத உள்ளுணர்வு, விவரங்களை ஒழுங்காகச் சேர்த்த பிறகு பயனுள்ளதாயிற்று.

இதை உங்கள் வீட்டு மேஜையில் செய்யும் விதம் இது. மொத்தம் மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு நோட்டில் கேள்வியை ஒரே வரியில் எழுதி, எந்தத் தேதிக்குள் முடிவு என்றும் எழுதுங்கள். தேதி இல்லாத யோசனை கவலையாகத்தான் மாறும். அடுத்து, இப்போதே மனசில் ஒரு சாய்வு இருக்கிறதா? இருந்தால் அதை ஒரு வரியில், 100-க்கு எவ்வளவு உறுதி என்ற எண்ணோடு எழுதி, தாளை மடித்து உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். சாய்வு இல்லாவிட்டால் வலிந்து உண்டாக்க வேண்டாம். இருக்கிறதை எழுதாமல் விட்டால் அது பின்னாலிருந்து மதிப்பெண்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முடிவு தெரிந்த பிறகு "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஞாபகமும் தன்னை மாற்றிக்கொள்ளும்.

பிறகு ஐந்து அல்லது ஆறு அம்சங்கள், அதற்கு மேல் வேண்டாம். உங்களுக்கு இவை பொருந்தும்: வரியும் வாடகையும் போக மாதம் மிஞ்சும் பணம், ஐந்து வருஷத்தில் தொழில் நிலை, பெற்றோரைக் கவனிப்பது, பிள்ளையின் படிப்பும் மொழியும், உங்கள் இருவரின் தாம்பத்தியம், திரும்பி வர நேர்ந்தால் ஆகும் செலவு. ஒரு நாளைக்கு ஓர் அம்சம். அன்று அதை மட்டும் விசாரித்து, போவதற்கும் இருப்பதற்கும் தனித்தனியே 1 முதல் 5 மதிப்பெண் போட்டு, பக்கத்தில் என்ன ஆதாரத்தில் போட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆதார வரி எழுத முடியாத மதிப்பெண்ணை அடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து போட்டால், முதல் அம்சத்தில் ஜெயித்த பக்கம் மற்ற எல்லாவற்றிலும் ஜெயிக்கும். ஆறு தனித் தீர்ப்புகள் இருப்பதாகத் தோன்றும், உள்ளே இருப்பது ஒன்றுதான்.

உங்கள் கணவரின் அட்டவணையை இப்போது எடுத்துப் பாருங்கள். இதுபோன்ற அட்டவணையில் பெரும்பாலும் பன்னிரண்டு வரி பணத்தைப் பற்றி இருக்கும், பெற்றோரைப் பற்றி ஒரு வரி இருக்கும். எண்ணால் அளக்க முடிந்ததற்குப் பல வரி, அளக்க முடியாததற்கு ஒரு வரி என்றால், கூட்டுவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடும். இன்னொரு தவறு, முக்கியத்துவ எடைகளைக் கடைசியில் போடுவது. விடை பிடிக்காதபோது எடையை மாற்றி விடையை வரவழைத்துக்கொள்ள முடியும், யாரும் அதைப் பொய் என்று நினைத்துச் செய்வதில்லை. எடையை மதிப்பெண்ணுக்கு முன்பே எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

விவரம் சேர்ப்பதில் மிகவும் பயன்தருவது, உங்களைப் போன்றவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்பது. ஒவ்வொருவரும் தன் கதை தனி என்று நினைக்கிறோம். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். அவர்கள் தங்கள் திட்டத்தைப் பார்த்தார்கள், முன்பு எழுதிய ஏடுகளுக்கு எவ்வளவு ஆயிற்று என்று பார்க்கவில்லை. ஆகவே மொரீஷியஸிலிருந்து மான்ட்ரியால் இருக்கும் கியூபெக் மாகாணத்துக்குப் போய் இரண்டு முதல் ஐந்து வருஷம் ஆனவர்களில், உங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஐந்து பேரைத் தேடுங்கள். அதில் இரண்டு பேராவது திரும்பி வந்தவர்களாக இருக்க வேண்டும். திரும்பியவர்கள் படம் போடுவதில்லை, தேடினால்தான் கிடைப்பார்கள். "சந்தோஷமா இருக்கீங்களா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். முதல் வேலை கிடைக்க எத்தனை மாதம், இங்கே வாங்கிய சான்றிதழை அங்கே ஏற்றுக்கொண்டார்களா, முதல் குளிர்காலத்தில் மாதச் செலவு எவ்வளவு, கடைசியாக ஊருக்கு வந்தது எப்போது என்று கேளுங்கள்.

நிலத்துக்கும் இதே ஒழுங்குதான். 10 பெர்ச் என்றால் சுமார் 422 சதுர மீட்டர். வெயில் நாளில் அங்கே நின்றால் யாருக்கும் மனசு நிறையும். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் ஒரு பெருமழை ஓய்ந்த மறுநாள் காலை போய் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, பக்கத்துச் சுவரில் பழைய சேற்றுக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் திடீர் வெள்ளம் 11 பேரைக் கொண்டுபோனது. வெள்ளம் வரும் இடம் வெயிலில் பார்த்தால் தெரியாது. இரண்டாவது தடவை, வேலை நாள் காலை ஏழு மணிக்கு அங்கிருந்து ஈபெனுக்கு வண்டி ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது, விற்பவர் காட்டும் காகிதத்தை நம்பாமல் நீங்களே ஒரு நோட்டரியை அமர்த்தி, அடமானம் ஏதும் இருக்கிறதா, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட இருக்கிறார்களா என்று தேடச் சொல்லுங்கள். எல்லையை உங்கள் நில அளவையாளர் அளக்கட்டும். இவை எதற்கும் உள்ளுணர்வு மாற்று ஆகாது.

விவரங்கள் வந்த பிறகு ஒரு பத்து நிமிஷப் பயிற்சி. க்ளைன் அமைத்த முறை இது. பதினெட்டு மாதம் ஆயிற்று, எடுத்த முடிவு படுதோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோற்குமா என்று யோசிக்க வேண்டாம், தோற்றுவிட்டது. ஏன் என்று மட்டும் எழுதுங்கள். பேனாவை நிறுத்தாமல் எழுதுங்கள். இதில்தான் சபையில் சொல்லத் தயங்கிய விஷயம் வெளியே வரும்: "அவருக்கு வேலை கிடைக்கவில்லை, அந்தக் கோபம் என் மேல் வந்தது" என்பதுபோல. பொதுவாகப் பயப்படும் மனசு இங்கே குறிப்பாகப் பேசும். இரண்டு முடிவுகளுக்கும் தனித்தனியே செய்யுங்கள். இருப்பதும் ஒரு முடிவுதான், அதுவும் தோற்கலாம்.

கடைசி நாள், நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு, அட்டவணையை ஒரு முறை வாசித்து மூடிவையுங்கள். கண்ணை மூடி, மூன்று வருஷம் கழித்து ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை இரண்டு ஊரிலும் நினைத்துப் பாருங்கள். காலை எழுவது, பிள்ளையைக் கிளப்புவது, மதியச் சாப்பாடு, சாயங்காலம் யாரோடு பேசுவது. தீபாவளியையும் தைப்பூசக் காவடியையும் நினைத்தால் ஊர்தான் ஜெயிக்கும், சம்பள நாளை நினைத்தால் கனடாதான் ஜெயிக்கும். அதனால்தான் செவ்வாய்க்கிழமை. பிறகு 100-க்கு ஓர் எண் எழுதுங்கள்.

கூட்டலும் இந்த எண்ணும் ஒரே பக்கம் நின்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். எதிரெதிராக நின்றால் சராசரி எடுக்காதீர்கள். இரண்டில் ஒன்றுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று மற்றதற்குத் தெரியவில்லை, அதைத் தோண்டியெடுக்க வேண்டும். "எதைப் பார்த்தபோது, எதைக் கேட்டபோது இப்படித் தோன்றிற்று?" என்று கேளுங்கள். "அந்த மேலாளர் வீடியோவில் முந்தைய ஊழியரைப் பற்றிப் பேசியபோது" என்று குறிப்பான பதில் வந்தால் அதைச் சோதிக்கலாம். அந்த முந்தைய ஊழியரிடமே பேசலாம். "என்னமோ சரியில்லை, ஏதாவது ஆயிட்டா" என்று சுற்றிச் சுற்றி வந்தால் அது பெரும்பாலும் பயம். பயத்துக்கு மருந்து சிறு சோதனை: மூன்று வாரம் விடுப்பெடுத்து பிப்ரவரியில் மான்ட்ரியால் போய் ஒரு வாடகை அறையில் இருந்து, பேருந்தில் போய்வந்து, கடையில் சாமான் வாங்கிச் சமைத்துப் பாருங்கள். ஜூலையில் போனால் சோதனை ஆகாது, சுற்றுலாதான்.

பயத்தையும் உள்ளுணர்வையும் உடம்பை வைத்து மட்டும் பிரிக்க முடியும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். வயிற்றைப் பிசைவதும் நெஞ்சு படபடப்பதும் எதனாலும் வரும். 1974-இல் வான்கூவர் பக்கத்தில் எழுபது மீட்டர் உயரத் தொங்கு பாலத்தில் ஓர் ஆய்வு நடந்தது. பாலத்தில் நின்ற ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுத் தொலைபேசி எண் கொடுத்தார். தாழ்வான உறுதியான பாலத்தில் அதே பெண்ணைச் சந்தித்தவர்களைவிட, உயரப் பாலத்தில் சந்தித்தவர்கள் அதிகமாகப் பிறகு அழைத்தார்கள். உயரத்தால் வந்த படபடப்பை ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். பசி, தூக்கமின்மை, கோபம், குடி, அப்போதுதான் கேட்ட ஒரு துக்கச் செய்தி, இதில் எது இருந்தாலும் அன்றைக்கு எழுதும் எண்ணுக்கு மதிப்பில்லை. மறுநாள் எழுதுங்கள்.

மனிதர்களை எடைபோடும் விஷயத்தில் இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டும். நம் தீவில் இத்தனை சமூகங்கள் அடுத்தடுத்து வாழ்கிறோம். "பார்த்ததுமே தெரிஞ்சுது, சரியான ஆள் இல்லை" என்பதில் எவ்வளவு உண்மையான குறிப்பு, எவ்வளவு சின்ன வயசிலிருந்து காதில் விழுந்த பேச்சு என்று நம்மாலேயே பிரிக்க முடியாது. தோல், உச்சரிப்பு, குடும்பப்பெயர் மூன்றும் உள்ளுணர்வு வேஷம் போட்டு வரும். ஆளை எடுக்கும்போதும், வீடு வாடகைக்கு விடும்போதும், மாப்பிள்ளை பார்க்கும்போதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு எழுதிவைப்பதைத் தவிர வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. கோயிலில் தெரிந்தவர், நம்மவர், நல்லவராகத்தான் தெரிகிறார் என்று பணத்தைக் கொடுப்பது. மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று சொல்லும் எவரிடமும், மொரீஷியஸ் வங்கியின் உரிமமோ நிதிச் சேவை ஆணையத்தின் உரிமமோ இருக்கிறதா என்று பட்டியலில் பார்த்த பிறகே பேச்சு. "இன்றைக்கே" என்று அவசரப்படுத்துகிறார் என்றால் உங்கள் மனசை அவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். பணம் கேட்கிற எந்தப் பேச்சுக்கும் 72 மணி நேரம் என்று முன்கூட்டியே விதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்த வரிசை தலைகீழாகும். உடம்புக்கு ஆபத்து என்று மனசுக்குப் பட்டால் முதலில் அங்கிருந்து விலகுங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம். பூட்டிய லிஃப்டில் ஓர் ஆள், ராத்திரியில் பின்னாலேயே வரும் வண்டி, காய்ச்சலில் கிடக்கும் குழந்தை எப்போதும்போல் இல்லை என்ற தாயின் தவிப்பு, இவற்றில் தேவையில்லாமல் விலகினால் நஷ்டம் கொஞ்சம் சங்கடம்தான். விலகாமல் இருந்தால் ஆகக்கூடிய நஷ்டத்துக்கு அளவில்லை. குழந்தையைத் தினமும் பார்க்கும் தாயின் மனசு உண்மையிலேயே பாடம் படித்த மனசு.

ஜாதகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வீட்டில் பேச்சு வந்திருக்கும். பஞ்சாங்கம் பார்த்து நல்ல நாளில் கையெழுத்துப் போடுவது மனசுக்குத் தெம்பு தரும் என்றால் செய்யுங்கள். எந்த நாள் என்பதை அதனிடம் கேட்கலாம். போவதா வேண்டாமா என்பதைக் கேட்டால், தீர்மானத்தின் பொறுப்பு உங்கள் கையைவிட்டுப் போகிறது. தப்பாகிப் போனால் கற்றுக்கொள்ளவும் எதுவும் மிஞ்சாது.

இனி வளர்த்துக்கொள்வது பற்றி. உள்ளுணர்வு வளர்வது தியானத்தால் மட்டும் இல்லை, திருத்தம் கிடைப்பதால். ஒரு சின்ன நோட்டு போதும். வாரத்துக்கு இரண்டு கணிப்பு எழுதுங்கள்: "இந்த வாடிக்கையாளர் மாதக்கடைசிக்குள் பணம் கட்டுவார், 80", "புதிதாக வந்த பெண் ஆறு மாதம் தாண்டுவார், 60". தேதி வந்ததும் நடந்ததா இல்லையா என்று குறியுங்கள். 80 என்று எழுதிய பத்தில் எட்டு பலித்தால் உங்கள் மனசுக்கு அந்தத் துறையில் அளவு தெரிகிறது. ஐந்துதான் பலிக்கிறது என்றால் 80 என்று தோன்றும்போதெல்லாம் 50 என்று படித்துக்கொள்ளுங்கள். பணம், ஆட்கள், நேரக்கணிப்பு, உடல்நலம் என்று தனித்தனிப் பக்கம் வையுங்கள். ஒரே ஆளின் மனசு ஒரு பக்கத்தில் கெட்டிக்காரத்தனமாகவும் இன்னொரு பக்கத்தில் குழந்தைபோலவும் இருக்கும். முப்பது நாற்பது வரி சேரும்போது எந்தப் பக்கம் எது என்று உங்களுக்கே தெரியும். பெரிய முடிவுகளை ஆறு மாதத்திலும் பதினெட்டு மாதத்திலும் திரும்பப் பாருங்கள். அப்போது கேட்க வேண்டியது, அன்றைக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாக முடிவெடுத்தேனா என்பது. நல்ல முடிவு கெட்ட விளைவைத் தரலாம், அசட்டு முடிவு அதிர்ஷ்டத்தால் பிழைக்கலாம். விளைவை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால் மனசு தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் இந்தப் பாடு வேண்டாம். திருப்பிக்கொள்ள முடிகிற சின்ன விஷயங்களை, என்ன உடுப்பது, எந்த வகுப்பில் சேர்வது, எந்தப் போன் வாங்குவது போன்றவற்றை, மனசு சொன்னபடி இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுங்கள். அவைதான் உள்ளுணர்வுக்கு மலிவான பயிற்சியும்கூட.

வீட்டில் இருவர் முடிவெடுக்கும்போது ஒரு முன்னெச்சரிக்கை. மதிப்பெண்களைப் பேசிக்கொண்டே போட்டால், குரல் உயர்ந்தவருடைய எண்ணே இரண்டு தாளிலும் இருக்கும். தனித்தனி அறையில் எழுதி, ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருக்கும் வரிகளைப் பற்றி மட்டும் பேசுங்கள். அம்மாவிடமும் "போகட்டுமா" என்று கேட்காமல், "நாங்கள் இல்லாதபோது டாக்டரிடம் யார் கூட்டிப்போவார்கள்" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர் உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்வார், இரண்டாவதற்கு உண்மையைச் சொல்வார்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு. மான்ட்ரியால் நிறுவனத்திடம் சேரும் தேதியை மார்ச்சுக்குப் பிறகு தள்ள முடியுமா என்று எழுதிக் கேளுங்கள், பிப்ரவரிப் பயணத்துக்கு இடம் கிடைக்கும். நிலம் விற்பவரிடம், நோட்டரியின் தேடல் அறிக்கை கைக்கு வந்த பிறகுதான் முன்பணம் என்று சொல்லிவிடுங்கள். வேறு ஆள் வாங்கத் தயாராக நிற்கிறார் என்று அவர் சொன்னாலும் அதையே திரும்பச் சொல்லுங்கள்.